போர்டு தேதியும் காதுகுத்துத் தேதியும்

எழுமலை,
ஆடி கடைசி வெள்ளி.

அன்புத் தம்பி அழகுபாண்டிக்கு, அக்கா தாமரைச்செல்வி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் உன் மருமகள் இசைவாணியும் நல்ல சுகம். நீயும் அந்த மிலிட்டரி ஆஸ்பத்திரியில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, புதுக்காலில் நடந்து பழகி, சுகமாக இருக்க நம் கருப்பசாமி துணை நிற்கட்டும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் "மெடிக்கல் போர்டு இன்னும் வைக்கலக்கா" என்று ஒரு வரி சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும்.

ஊரில் நல்ல மழை. கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது. உன் மச்சானின் டிராக்டருக்கு ஓய்வே இல்லை, மனிதர் வீட்டுக்குச் சாப்பிட வருவதே விருந்தாளி மாதிரிதான். இசைவாணி அங்கன்வாடிக்குப் போகிறாள். போன முதல் நாளே அங்கிருந்த பிள்ளைகளிடம் "எங்க மாமா மிலிட்டரி, வந்தா உங்க எல்லாரையும் பிடிச்சிட்டுப் போயிருவாரு" என்று சொல்லி இரண்டு பேரை அழவைத்துவிட்டாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் கண்டிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன்.

அவள் காதுகுத்துக்கு நேர்ந்துவிட்ட கிடாய் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பெரிய சேதி. தை மாதம் காதுகுத்து என்று குட்டியாக வாங்கினோம். நீ வர முடியாததால் சித்திரைக்குத் தள்ளினோம், பிறகு ஆனிக்குத் தள்ளினோம். அது தின்று தின்று வளர்ந்து இப்போது தெருவையே மிரட்டுகிறது. போன வாரம் தபால்காரரை முட்டி வாய்க்காலில் தள்ளியது. "இம்புட்டு நாள் விட்டா இது நம்மளை வெட்டிரும் போல" என்கிறார் உன் மச்சான். அவர் அடித்து வைத்த பிளெக்ஸையும் சொல்ல வேண்டும். நீ யூனிபார்மில் நிற்கிறாய், பின்னால் ஒரு புலி, தலைக்கு மேல் ஒரு ஹெலிகாப்டர். புலி எதற்கு என்று கேட்டேன், தாய்மாமன் என்றால் புலி வேண்டும் என்றார். தேதி இருக்கிற இடத்தில் மட்டும் காகிதம் மேல் காகிதமாக ஒட்டி, அங்கே பிளெக்ஸ் அட்டை மாதிரி கனத்துப்போயிருக்கிறது.

உன்னைக் குறை சொல்லவில்லை. முதல் தடவை எக்ஸ்ரே வந்து சேரவில்லை. அடுத்த தடவை போர்டில் உட்கார வேண்டிய எலும்பு டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். அதற்கடுத்து உன் யூனிட் அதிகாரியின் கையெழுத்து ஒன்று விட்டுப்போனதென்று எல்லாக் காகிதமும் திரும்பிப் போனது. மலைப் பாதையில் வண்டி உருண்டு கால் போனது ஒரு நிமிடத்தில். போனது எத்தனை சதவீதம் என்று சொல்ல அவர்களுக்கு இத்தனை மாதம். 

ஆனால் தம்பி, நேற்று இம்மானுவேல் வந்திருந்தார். உன் பக்கத்துக் கட்டில்காரர், வாடிப்பட்டிப் பையன். அவருக்கும் போர்டு தள்ளிப்போயிருக்கிறது. அதுவரை ஊருக்குப் போய்விட்டு வரச் சொல்லி லீவு கொடுத்தார்களாம். உனக்கும் அன்றைக்கே கொடுத்தார்களாம். "அவன்தான்க்கா வரமாட்டேன்னு படுத்துக்கிட்டான். ஒத்தக் காலோட போயி புள்ளைய எப்படி மடியில வைக்கிறது, சபையில எல்லாரும் காலைத்தான் பார்ப்பாங்கன்னு சொல்றான்" என்றார். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று அவருக்கே சங்கடமாகிவிட்டது. நான் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, அடுப்படியில் நின்று நன்றாக அழுதேன்.

அழுது முடித்ததும் சிரிப்பு வந்தது. அடேய், உனக்குக் கால் போனது முழங்காலுக்குக் கீழே. மடி முழங்காலுக்கு மேலேதானே இருக்கிறது? இது கூடத் தெரியாமல் நீ எப்படி ராணுவத்தில் சேர்ந்தாய்?

ஒரு தடவை போனில், காதுகுத்துக்கு வேறு மடி பார்க்கச் சொன்னாய். சித்தப்பா மகன் பேயாண்டி அண்ணனிடம் கேட்டேன். "கூடப் பொறந்தவன் கல்லுக்குண்டாட்டம் இருக்கையில நான் போயி உக்காந்தா, ஊரு என்னைத்தான் காறித்துப்பும்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் நீ ஒருவன்தான். கிடாயும் பந்தலும் இருந்து நீ இல்லையென்றால், அந்தச் சபையில் நான் நாதியற்றவளாகத்தான் நிற்பேன். இதை நான் போனில் சொல்லியிருக்க மாட்டேன்.

போர்டு உனக்கு எத்தனை சதவீதம் வேண்டுமானாலும் போடட்டும். அதை விட்டுக்கொடுக்காதே, அது உனக்கு வரவேண்டியது. தேதி வந்ததும் போய் நில், உன் மச்சான் கூட வந்து நிற்பார். ஆனால் அவர்கள் காகிதம் வருகிறவரை நீ யாரென்று தெரியாமல் படுத்துக் கிடக்காதே. இங்கே எங்களுக்குத் தெரியும்.

அதனால் இந்த முறை உன்னைக் கேட்கவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் காதுகுத்து. கோவிலில் சொல்லியாயிற்று, ஆசாரிக்கு வெற்றிலைபாக்கு கொடுத்தாயிற்று. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உன் மச்சான் ரயிலில் இருப்பார். டிராக்டரை விட்டுவிட்டு ஒரு நாள்கூட இராத மனிதர், சாவியைப் பேயாண்டி அண்ணன் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார். நீ லீவுக்குக் கையெழுத்துப் போட்டு வை. சீர் கொண்டுவரவில்லையே என்று யோசிக்காதே. மேளம் மட்டும் உன் பேரில் சொல்லியிருக்கிறேன். தெருமுக்கிலிருந்து கோவில்வரை உன்னை மேளத்தோடுதான் அழைத்துப் போவோம். முடிகிறவரை நட. முடியாவிட்டால் வழியில் உட்கார். மேளக்காரர் உட்கார்ந்த இடத்திலேயே வாசிப்பார். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. உன் மருமகளுக்கு இப்போது விவரம் தெரிந்துவிட்டது. ஊசியைப் பார்த்தால் துள்ளுவாள், கடிப்பாள், இறங்கி ஓடப் பார்ப்பாள். இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள், விட்டுவிடாதே. பக்கத்தில் நானும் அழுதுகொண்டிருப்பேன், என்னைக் கண்டுகொள்ளாதே.

நூறாயுசும் நன்றாக இரு சாமி.

உன் வழி பார்த்திருக்கும் அக்கா,
தாமரைச்செல்வி