எஞ்சின்களுக்கு மார்க் போடும் பட்டியல்

ஆடி 20, செவ்வாய்

கம்ப்யூட்டர் கேம் செய்ய உதவும் மென்பொருளான கேம் எஞ்சின் ஒன்றை எட்டு மாதமாகத் தேர்ந்தெடுக்கிறேன். கேம் ஒன்றும் செய்யவில்லை. நான்கு எஞ்சின்களுக்கும் மார்க் போடும் எக்செல் பட்டியல் மட்டும் பிரமாதமாக வளர்ந்திருக்கிறது. பழைய லேப்டாப்பில் ஓடுமா, தமிழ் எழுத்து உடையாமல் வருமா என்று எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. இன்றைக்குள் முடிவெடுப்பதாக எனக்கே சத்தியம் செய்திருந்தேன்.

காலையில் திண்டிவனம் போகும் ரயிலில், தினமும் கூட வரும் நஸ்ரீன் அக்காவிடம் லேப்டாப்பைக் கொடுத்தேன். "எது முக்கியம்னு தோணுதோ அதுக்கு நம்பரை ஏத்துங்கக்கா. எந்த எஞ்சின் மேல வருதோ, அதான்."

விக்கிரவாண்டி தாண்டியும் அக்கா நிமிரவில்லை. கடைசியில் கிடந்த எஞ்சின்மேல் பரிதாபப்பட்டு, எண்களை ஏற்றி இறக்கி அதை முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். "ஜெயிச்சிட்டேன்டி!" என்று கத்தியதில் பெட்டியே திரும்பிப் பார்த்தது.

"எட்டு மாசமா சொல்லிக்கினு இருந்தியே, அந்த கேம் இதானே? சூப்பரா இருக்குடி."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

"அடுத்த லெவல் எப்போ?"

"நாளைக்குக்கா."

இப்போதுதான் ஐந்தாவதாக ஓர் எஞ்சினை, மற்றதைவிட அதிக மார்க்கோடு, பட்டியலில் சேர்த்தேன். இதைத் தோற்கடிக்க அக்கா திண்டிவனத்தில் இறங்காமல் செங்கல்பட்டு வரை போகவேண்டியிருக்கும்.