கழற்றி வைத்த வைசர்

ஷெட்டு முழுக்க ரெட் ஆக்சைடு வாடை. நேற்றுதான் அந்த டின்னைத் திறந்தேன். திறந்ததும் பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு வாசலில் போய் நின்றேன். துருப் பிடிக்காமலிருக்க இரும்பில் அடிக்கிற முதல் பூச்சே அதுதான், அது இல்லாமல் மாப்பிள்ளையூரணியில் வண்டித் தகடு தட்டுகிற டிங்கராக எட்டு மாதம் எப்படிலே பிழைத்தாய் என்று கேட்பாய். சாம்பல் நிறத்தில் வேறொன்று கிடைக்கிறது, அதை வைத்து ஒப்பேற்றினேன். உன் வண்டிக்கு அதை அடிக்க மனசு வரவில்லை.

ஆமாம், உன் பிக்கப் என்னிடம்தான் நிற்கிறது. பத்து நாளைக்கு முன்னால் உன் வீட்டுக்காரி கொண்டுவந்தாள். எஞ்சின் வேலையை மெக்கானிக்கிடம் முடித்துவிட்டு, நசுங்கிய மூக்கோடு அவளே ஓட்டிக்கொண்டு வந்தாள்லே! பழகியிருக்கிறாள். இனி வாழை இலைக்கட்டை அவளே ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகப்போகிறாளாம். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

வண்டியைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் கண்ணாடிக்கு மேலே கை நீட்டினாள். "அண்ணாச்சி, இங்கன இருந்த வைசர் காணல. மோதுன இடத்துல என் தம்பி உடைமரத்துக்குள்ளலாம் பூந்து தேடிட்டான். கெடைக்கல. புதுசா ஒண்ணு அடிச்சு மாட்டிருங்க. காலைல அது இல்லாம ஓட்ட முடியாதுன்னு அவிய சொல்லுவாவ."

அது எங்கே என்று எனக்குத் தெரியும். அவள் நின்ற இடத்திலிருந்து ஆறடி தள்ளி, சாக்குக்கு அடியில் இருந்தது. "பாக்கேன் தங்கச்சி" என்றேன். நாக்கு அழுகிப் போக வேண்டாமா எனக்கு?

நாம் இரண்டு பேரும் சேர்ந்து, வெயிலை மறைக்க அந்த வைசரைச் செய்த நாளை நினைக்கிறேன். உன் அப்பா துறைமுக ஏலத்தில் எடுத்த இந்தக் குண்டு மூக்கு வண்டிக்கு முன் கண்ணாடி செங்குத்தாக நிற்கும். ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து வாழை இலையை ஏற்றிக்கொண்டு வாகைகுளம் தாண்டிவிட்டால், தூத்துக்குடி வரைக்கும் சூரியன் நேராகக் கண்ணில் குத்தும். "ஒண்ணுமே தெரியலலே, குருடன் மாதிரி ஓட்டுதேன்" என்று நீ வந்து நின்றாய். தகட்டை நீ பிடித்துக்கொள்ள நான் வெட்டி, குழாய் மேல் வைத்து வளைத்து, கூரை விளிம்பில் நாலு ஓட்டை போட்டு மாட்டினேன். தள்ளி நின்று பார்த்துவிட்டு, "கெழவனுக்குத் தொப்பி போட்டு மாப்பிள்ளையாக்கிட்டியே" என்று என் முதுகில் ஓங்கி அடித்தாய். வலித்தது.

அவசரத்தில் ஒன்று விட்டேன். ஓட்டையின் உள்விளிம்புக்குப் பெயிண்ட் தொடவில்லை, ரப்பர் வாஷரும் வைக்கவில்லை. நம்மூர்க் காற்று சும்மா விடுமா? ஒரு மழை முடிவதற்குள் நாலு போல்ட்டிலிருந்தும் செம்பழுப்புக் கோடு கண்ணாடியில் வழிந்தது. "உன் வேலை மூக்குச் சிந்துது பாருலே" என்று டீக்கடையில் அத்தனை பேருக்கு முன்னால் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே எரிந்தது. இதை உன்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த ரோஷம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. தை மாதம் ஒரு மத்தியானம் இலையை இறக்கிவிட்டு வந்தாய். இந்தத் தடவை ஒரு பயலும் குறை சொல்லக்கூடாது என்று வைசரைக் கழற்றினேன். கம்பி பிரஷ் போட்டேன், உப்புத்தாள் போட்டேன், பளபளவென்று இரும்பு தெரியும் வரைக்கும் தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்தேன். சாயங்காலம் நீ கிளம்ப வேண்டும். மறுநாள் முகூர்த்தம், கல்யாண வீட்டுக்குக் காலைப் பந்திக்குள் இலை போய்ச் சேர வேண்டும்.

"மாட்டிக் குடுலே, காலைல கண்ணு கூசும்."

"காயல. பனி வேற விழுது. ஈரத்துல முறுக்குனா மறுபடியும் துருவேறும். ரெண்டு நாள் ஆகும்."

"துருவேறுனா ஏறட்டும், என் வண்டிதானே."

"ஒரு நாள் வைசர் இல்லாம ஓட்டுனா செத்தா போயிருவ? போலே."

நீ சிரித்துக்கொண்டே ஏறிப் போனாய்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ரோட்டோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதினாய். பிரேக் பிடித்த தடமே இல்லையாம். தூங்கிவிட்டான் என்று போலீஸ்காரர் சொன்னார், ஊரும் அதையே சொன்னது. நான் துட்டி வீட்டில் உன் பிணத்தின் கால்மாட்டில் நின்றுகொண்டு வாயே திறக்கவில்லை. கோழைப் பயல்.

அப்படியே வாயை மூடிக்கொண்டு செத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்றுக் காலை உன் வீட்டுக்காரி வேலை எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று பார்க்க வந்தாள். கூரை ஓட்டைகளுக்கு அப்போதுதான் பூச்சு வைத்திருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தவள், கேட்காமலே சொன்னாள்: "நாந்தான் அண்ணாச்சி அன்னைக்கு ஒரு மணி நேரம் முந்தியே எழுப்பிவிட்டேன். கல்யாண வீட்டுக்காரங்க ஏசுவாங்கன்னு. இன்னுங்கொஞ்சம் படுக்கட்டும்னு விட்டிருந்தா தூங்கியிருக்க மாட்டாவ. நாந்தான் கொன்னுட்டேன்."

எட்டு மாதமாக இவள் இதைச் சுமந்துகொண்டு திரிகிறாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே இறக்கி வைத்திருப்பாள். சாக்கை இழுத்துப் போட்டு, வைசரை எடுத்துக்கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டதை, நான் மாட்டேன் என்றதை, கடைசியாக நான் சொன்ன அந்தச் சொல்லையும் விடாமல் சொன்னேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் வைசரைத் தொடவில்லை. "அப்போ அவிய தூங்கலியா?" என்று கேட்டாள்.

"இல்ல தங்கச்சி. வெயிலு. லாரி கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தூங்கல?"

"தூங்கல."

மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு, முந்தானையை வாயில் வைத்து அழுதாள். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கூரையைக் காட்டினாள். "அது காய எவ்வளவு நாளாவும்?"

"ரெண்டு நாள்."

"காயட்டும். மாட்டுற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன்."

அவ்வளவுதான்லே. அன்றைக்கும் வண்டி இரண்டு நாள் நின்றிருக்கலாம். இலை வேறொரு வண்டியில் போயிருக்கும். எனக்குத் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை.

வாசல் வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள். "மொத நாள் நான் இலை ஏத்திக்கிட்டு வரும்போது நீங்களும் வரணும் அண்ணாச்சி. எங்க ஊருக்கு வந்துருங்க. பக்கத்துல உக்காந்து அதே ரோட்டுல, அதே நேரத்துக்கு வாங்க."

"என்னால முடியாது தங்கச்சி. அந்த ரோட்டுப் பக்கமே நான் போறதில்ல."

"நான் எட்டு மாசம் அந்தப் பழியோட இருந்தேம்லா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் தைரியமில்லை.

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாளை மறுநாள். காலையிலிருந்து பத்துத் தடவை ஏறிக் கூரையைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். விரலில் இன்னும் கொஞ்சம் ஒட்டுகிறது. காயக் கூடாதே, காயக் கூடாதே என்று கிடந்து அடித்துக்கொள்கிறேன்லே.