மச்சினனைத் திருத்தப் போனேன்

12.6.96, புதன்
கிளப்பில் இன்னைக்கும் ரம்மி கை கொடுக்கலை. ஒரே ஒரு கார்டு வரணும், அதற்குள் வீரணன் சீட்டை இறக்கிவிட்டான். வீட்டுக்கு வந்தால் ராஜபாளையத்திலிருந்து மாமியார் வந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறார். மகன் வைகுண்டத்தின் லாட்டரி விவகாரம். தினம் மூணு மணிக்கு ஒத்தை நம்பர் ரிசல்ட் வருமாம். கம்பெனியில் பேண்டேஜ் துணி மடிக்கிறவன், அப்படியே போட்டுவிட்டுக் கடைக்கு ஓடுகிறானாம். இன்னொரு தடவை ஓடினால் வேலை கிடையாது என்று ஓனர் சொல்லிவிட்டார்.

முப்பத்தாறு வயசில் அவனுக்குச் சரிப்பட்டு வந்த ஒரே வேலை அது. யார் முகத்தையும் பார்க்க மாட்டான், கேட்டதையே கேட்பான். வேற யாரு வச்சுக்கிடுவா?

"மாப்பிள்ளை, நீங்க சொன்னாத்தான் கேப்பான்" என்றார் மாமியார். நியாயம்தான். குடும்பத்தில் ஒழுக்கமான ஆம்பளை என்று ஒருத்தன் வேண்டுமே.

16.6.96, ஞாயிறு
ராஜபாளையம் போய் ஒரு மணி நேரம் புத்தி சொன்னேன். தருமரிலிருந்து ஆரம்பித்தேன். வைகுண்டம் என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "ஏழு வந்து இருபத்துமூணு நாளாச்சு அத்தான். வரணும். வராம இருக்கிறது தப்பு" என்றான். என் தொண்டைத் தண்ணி வத்தினதுதான் மிச்சம்.

21.6.96
'லாட்டரி வாங்க மாட்டேன்' என்று திங்கட்கிழமை கோயிலில் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணினான். வாங்கவில்லைதான். பக்கத்து மிஷின்காரனை வாங்கச் சொல்லியிருக்கிறான். "நான் வாங்கலையே அத்தான்." நடிக்கலை, பாவி. நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறான்.

3.7.96, புதன்
மதுரையில் ஒரு டாக்டர். ஏதேதோ கேட்டார், சின்ன வயசுக் கதையெல்லாம். ஆட்டிசம் என்றார். பிறவியிலேயே உள்ளதாம், திமிரும் இல்லை கிறுக்கும் இல்லையாம். லாட்டரி தனியாகப் பிடித்த பழக்கம். "கத்தாதீங்க, அடிக்காதீங்க. சட்டத்தைத் தெளிவாச் சொல்லுங்க, வீட்ல எல்லாருக்கும் ஒரே சட்டமா இருக்கட்டும்."

பஸ்ஸில் வீட்டுக்காரி வெள்ளத்தாய் அழுதுகொண்டே வந்தாள். "தம்பிய எம்புட்டு அடிச்சிருக்கோம்." நானும் ரெண்டு தடவை அடித்திருக்கிறேன்.

4.7.96
வைகுண்டம் இனி எங்களோடு ஸ்ரீவில்லிபுத்தூரில். தினம் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருவான். சட்டத்தை நான் சொல்ல அவனே எழுதினான்: 'இந்த வீட்டில் யாரும் காசு வைத்து எந்த ஆட்டமும் ஆடக்கூடாது.' கூட்டுறவுச் சங்கத்தில் இருபது வருஷம் தீர்மானம் எழுதினவன் சொன்ன வாசகம், ஓட்டை இருக்காது. எல்லாரும் கையெழுத்து. நான் போடும்போது வெள்ளத்தாய் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ரம்மி வேற. ரம்மி மூளைக்கு வேலை.

22.7.96
பதினெட்டு நாளாக லாட்டரி இல்லை. மூணு மணிக்கு மடிப்பு மேசையிலேயே இருக்கிறானாம். "தங்கச்சாமி சார், நீங்க சொன்னா கல்லும் கேக்கும்" என்றார் ஆபீஸில் ஒருத்தர். சாயங்காலம் அந்தச் சந்தோஷத்தைக் கிளப்பில் கொண்டாடினேன்.

9.8.96
விருந்தாளி வந்திருக்கிறார் என்று வெள்ளத்தாய் தம்பியை அனுப்பியிருக்கிறாள். அனுப்ப வேற ஆளே கிடைக்கலையா இவளுக்கு? கிளப் வாசலில் நின்று கேட்டான்: "அத்தான், மேசையில கெடக்கிறது காசா?"

"இல்லப்பா, புளியங்கொட்டை" என்றான் வீரணன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

கிட்ட வந்து ஒரு நோட்டை எடுத்துப் பார்த்தான். "காசுதான்." பத்திரமாக எடுத்த இடத்திலேயே வைத்தான். வீட்டுக்குப் போ, பொறவு பேசலாம் என்றேன். போய்விட்டான். நான் இன்னும் ஒரு ஆட்டம் ஆடினேன்.

ஏன் ஆடினேன்?

10.8.96, சனி
மூணுக்கு முன்னாலேயே மேசையை விட்டு எழுந்து போய்விட்டான். வேலை போச்சு. லாட்டரிக் கடையில் ஏழு வரவில்லை. ஷட்டரில் நெத்தியை முட்டி முட்டி ரத்தம். நான் போய்ப் பிடித்தபோது என் மேல் கோபம்கூட இல்லை. "அத்தான் ஆடினீக. அதனால சட்டம் முடிஞ்சுபோச்சு."

ஐயோ, நான்லா முடிச்சு வச்சேன். என் கையால. வெள்ளத்தாய் சோத்தைப் போட்டுட்டு உள்ள போயிட்டா. ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

14.8.96
ஓனரிடம் போனேன். அவன் தப்பில்லை, என் தப்பு, நானும் காசு வைத்து ஆடுகிறவன் என்றேன். வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஒரு மாசம் பார்க்கிறேன் என்று அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். இனி கிளப் இல்லை. ராத்திரி அந்தச் சட்டத் தாளில் நாங்கள் ரெண்டு பேரும் திரும்பக் கையெழுத்துப் போட்டோம்.

20.8.96
ஆறு நாள். விரல் நமநமங்குது. இதை யாரிடம் போய்ச் சொல்ல? நான்லா திருத்துறவன்.

2.9.96
சும்மா எட்டிப் பார்க்கத்தான் போனேன். கிளப் கேட்டில் வைகுண்டம். ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி தினமும் இங்கே வந்து நின்று, நான் உள்ளே இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறானாம்.

"செத்த நேரத்தில வாரேன், நீ போ."

"செத்த நேரம்னா எத்தனை நிமிஷம் அத்தான்?"

ரெண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம்.

14.9.96
ஓனர் ஆள் விட்டுச் சொன்னார். வைகுண்டத்துக்கு வேலை நிரந்தரம்.

27.9.96, வெள்ளி
மதுரை. டாக்டரிடம் மறுபடி காட்டும் நாள். கவுண்டரில் பேர் எழுதிக் கொடுக்கிற வேலையை வைகுண்டமே பார்த்தான், கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் கூப்பிட்டது என் பேரை: "தங்கச்சாமி!"

உள்ளே போனோம். டாக்டர் அவனைப் பார்த்து எப்படி இருக்கீங்க என்றார்.

"நான் கூட வந்தவன்" என்றான் வைகுண்டம், டாக்டரின் பேனாவைப் பார்த்துக்கொண்டே. "பேஷண்ட் இவிய. சூதாட்டப் பழக்கம். நாப்பத்தினாலு நாளா ஆடலை. ராத்திரி தூங்க மாட்டேங்காக. தெளிவாச் சொன்னாக் கேட்டுக்கிடுவாக."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். ஏதோ தப்பு நடந்துபோச்சு சார் என்று சொல்ல வாயெடுத்தேன். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.