ஈரம் பட்ட மருந்து

புரட்டாசி 10, வெள்ளி

வெயில். காலையிலேயே மண் சுடுகிறது. என்ன டைரி, சௌக்கியமா? மூன்று நாளாக உன்னைப் பிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. சீசன். தீபாவளி லோடு. அலுமினியப் பவுடர் கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. தாளில் என் விரல் வெள்ளி வெள்ளியாக ஒட்டும். பொறுத்துக்கொள்.

இந்த டைரி திருத்தங்கல் பிரஸ் ஒன்றில் கழித்துப் போட்டது. தாள் மாறிப்போச்சாம். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. வெடிப் பெட்டியில் லேபிள் ஒட்டி ஒட்டித்தான் எழுத்துப் பிடிபட்டது. அதனால் எது கிடைத்தாலும் வாசிப்பேன். முன்பக்கத்தில் ‘நமது மாவட்டம்’ என்று போட்டிருக்கிறது. வாசித்தால் கடற்கரை, உப்பளம், மீன்பிடி, சங்கு குளிப்பது. நமக்கு ஏது கடல்? அப்புறம் நினைவு வந்தது. முன்னால் ராமநாதபுரத்தோடு ஒரே ஜில்லாவாக இருந்தோம். அப்போது எங்களுக்கும் கடல் இருந்தது. பிரித்தார்கள். கடல் அவர்களுக்கு, வெயில் எங்களுக்கு. பார்க்காத கடல், போனதும் தெரியவில்லை.

வெயிலையும் சும்மா சொல்லக்கூடாது. கரிசலில் மழை பொய்த்து, கம்பும் பருத்தியும் கருகின பிறகு, அந்த வெயிலைப் பார்த்துத்தான் முதலாளிமார் தீப்பெட்டி போட்டார்கள், வெடி போட்டார்கள், அச்சு போட்டார்கள். குச்சி காயணும், வெடிமருந்து காயணும், மை காயணும். அடுத்தவன் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் கம்பெனி வேனில் ஏறினார்கள். இப்போது மேகம் கறுத்தால் வைகிறோம். எங்கள் அப்பா மேகம் கறுத்தால் வேட்டியை அவிழ்த்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஆடுவார். கோவணத்தோடு ஒரு நாள் பஞ்சாயத்துத் தலைவர் முன்னால்... அது பெரிய கதை. எழுத வந்தது அதில்லை.

நாளைக்கு மருந்து ரூமில் என் முறை. ஒரு நாள் நான் கலப்பேன், ஒரு நாள் மாரியப்பன். மாரி என் தங்கச்சி முத்துலட்சுமியின் புருஷன். அவளும் அதே கம்பெனியில் சரம் பின்னுகிறாள்.

வாங்க வேண்டியது: நல்லெண்ணெய், சோப்பு, என் வீட்டுக்காரி பேச்சிக்கு இருமல் மாத்திரை.

புரட்டாசி 11, சனி

இரண்டு மணிக்கு மழை. சொல்லாமல் கொள்ளாமல்.

கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்கணும். மிஞ்சினால் பொட்டலுக்குக் கொண்டுபோய்ப் பரப்பி எரிக்கணும். பூட்டி வைக்கக்கூடாது. எங்கள் கம்பெனியில் இந்த விதி பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் மாதிரி, யாரும் கேள்வி கேட்கிறதில்லை. அலுமினியமும் வெடியுப்பும் சேர்ந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். யாரும் தீ வைக்க வேண்டாம். அசைத்தாலே போதும்.

ஆர்டர் கூடுதல் என்று போர்மேன் மதியம் இன்னொரு கலவை கேட்டார். கலந்தேன். மழை வந்ததும் நிரப்புகிற பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அரைச் சட்டி மருந்து அப்படியே. பொட்டலில் முழங்கால் சகதி, எங்கே எரிக்க? ஓரமாக மூடி வையுங்கண்ணே, திங்கக்கிழமை முதல் வேலையாகச் சேர்த்துக்கொள்வோம் என்றார் போ.மே. வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வடக்கு மூலையில் வைத்து மேலே பாலிதீன் போட்டேன். பூட்டினேன். சாவி அவரிடம்.

அவர் சொன்னார். வைத்தது நான்.

வீட்டுக்கு வந்து காப்பி குடிக்கும்போதுதான் உறைத்தது. அந்த வடக்கு மூலையில் ஓடு விரிசல். போன ஐப்பசியில் அங்கே சுவர் ஊறி நின்றதை நானே காட்டியிருக்கிறேன். என்ன முகம் ஒரு மாதிரி இருக்கு என்று பேச்சி கேட்டாள். மழை என்றேன். மழைக்கு ஏன் முகம் இப்படி என்றாள்.

விடவில்லை மழை.

புரட்டாசி 12, ஞாயிறு

தூறல். போ.மே.க்கு நான்கு தடவை போன். எடுக்கவில்லை. மாமனார் ஊரில் காதுகுத்தாம்.

ஆமத்தூருக்குப் பஸ். மாரி வீடு அங்கேதான். பஸ்ஸில் ஒருத்தன் வெடி வேலையே வேண்டாம், வேறு வேலைக்குப் போகப்போகிறேன் என்று பெருமை பேசினான். பின்சீட்டுக் கிழவர் கேட்டார்: “எங்கன போவ? ஆலங்குளம் சிமெண்ட் பேக்டரில ஒங்க மாமாவா ஆபீசரு?” பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போகும்போது நினைத்துக்கொண்டு போனது: சொல்லிவிடணும். சொன்னால் மாரி கம்பெனியில் சொல்வான். அதிகாரி வருவார். சீல். சீசன் நடுவில் இருநூறு பேருக்கு வேலை இல்லை. கதைக்காரன் மூடிட்டான் என்பார்கள். மதியச் சோற்று நேரத்தில் என்னைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்கிற அதே பெண்கள்.

மாரி கோழி உரித்துக்கொண்டிருந்தான். நாளைக்கு நான் உள்ளே போகிறேன், நீ வீட்டில் இரு என்று மட்டும் சொன்னேன்.

“என்ன மச்சான், மருந்து ரூம ஒங்க பேருக்கு எழுதிக் குடுத்துட்டாகளா? ஒங்க முறைய நீங்க பாருங்க, எம் முறைய நான் பாக்கேன்.”

முத்துலட்சுமி சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பா கோவணத்தோடு பஞ்சாயத்துத் தலைவர் முன்னால் ஆடிய கதையைச் சொன்னேன். நன்றாக நீட்டிச் சொன்னேன். குழம்பு கொதித்தது. சாப்பிட்டேன். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சொல்லாமலே வந்துவிட்டேன்.

புரட்டாசி 13, திங்கள்

மழை இல்லை. புழுக்கம். கம்பெனி வேலிக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி ஒன்பது இருக்கும்.

முதல் பஸ்ஸில் வந்துவிட்டேன், வேனுக்கு முன்னால். மருந்து ரூமுக்கு நாற்பதடி தள்ளியே நெடி. ஆட்டுக் கொட்டில் நெடி, நனைந்த மருந்து சூடேறினால் வருவது. கதவு இடுக்கில் லேசாக ஆவி. கிட்டே போகவில்லை. மருந்து உள்ளே வெந்துகொண்டிருக்கிறது.

வேன் வந்தது. மாரி இறங்கி, போ.மே.யிடம் சாவி வாங்கிக்கொண்டு நடந்தான். குறுக்கே போய் நின்றேன். இருநூறு பேர் முன்னால் சொன்னேன்.

“போகாத மாப்ள. சனிக்கெளம மிஞ்சுன மருந்த நான்தான் உள்ள வச்சேன். நனைஞ்சிருச்சு.”

மாரி சாவியோடு என் முன்னால் வந்து நின்றான்.

“நேத்து எங்க வீட்ல ஒக்காந்து கோழி தின்னீகளே மச்சான். அப்பத் தெரியாதா?”



எல்லாரையும் வேலிக்கு வெளியே அனுப்பினேன். மூடி வைக்கச் சொல்லவே இல்லை என்கிறார் போ.மே. முதலாளி காரில் வந்தார். சத்தம் போடவில்லை. தீயணைப்புக்குச் சொன்னால் அதிகாரியும் வருவார், கம்பெனிக்கு சீல் விழும், தீபாவளி வரைக்கும் யாருக்கும் வேலை இல்லை என்றார். அப்புறம் பொதுவாகக் கேட்டார்.

“சத்தமில்லாம எடுத்துர முடியுமா?”

முடியாது, கிட்டே ஒரு ஆளும் போகக்கூடாது, தானாக அடங்கட்டும், இல்லை வெடிக்கட்டும், ஓடு போனால் போகட்டும், தீயணைப்பைக் கூப்பிடுங்கள் என்றேன். காருக்குப் போய்ப் போனை எடுத்தார். யாருக்குப் பேசுகிறார், தெரியவில்லை. இதுவரை வண்டி எதுவும் வரவில்லை.

பெண்கள் தூக்குவாளியோடு ரோட்டு ஓரத்தில். ஒருத்தி எனக்குக் கேட்கவே சொன்னாள்: “ஒரு சட்டி மருந்துக்கு எரநூறு அடுப்ப அணைச்சுட்டாரு கதைக்காரரு.” எப்போதும் எனக்கு ஊறுகாய் கொடுக்கிறவள். முத்துலட்சுமி தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். என் பக்கம் பார்க்கவில்லை.

மாரி இவ்வளவு நேரம் என் பக்கத்தில்தான் இருந்தான். ஒரு குடம் தண்ணீரை ஊற்றிச் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தால் தீர்ந்தது, இரண்டு நிமிஷ வேலை, கம்பெனியும் பிழைக்கும் என்றான். தண்ணீர் பட்டதுதானே வினை, கூறு கெட்டவனே என்று வைதேன். முன்னால் ஒரு தடவை அப்படி எடுத்திருக்கிறார்களாம். யார் எடுத்தார் என்று கேட்டேன், பேர் தெரியவில்லை. சாவியைக் கொடு என்றேன். மடியில் சொருகிக்கொண்டான். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். உட்கார்ந்தான். தாகமாக இருக்கிறது, கிணற்றடிக்குப் போய் வருகிறேன் என்று இப்போதுதான் எழுந்து போனான்.

முதலாளி இன்னும் போனில். புழுக்கம் தாங்கவில்லை. பேச்சிக்குச் சொல்லி அனுப்பணும், மாத்திரை வாங்க மறந்து

முத்துலட்சுமி ஓடி வருகிறாள்.

“அண்ணே, கெணத்தடில அவுகளக் காணோம்ண்ணே. கொடத்தயும் காணோம்.”

மருந்து ரூம் பாதையில் யாரோ குடத்தோடு நடக்கிறதை ஊறுகாய்க்காரி பார்த்தாளாம், சட்டையில்லாமல், வேகமாக, கூப்பிட்டும் திரும்பாமல் போ