இரண்டு முழம் தள்ளி

4-7-57, வியாழன்

இன்று ஜுரம் இல்லை. காலில் மட்டும் நடுக்கம். ரங்கநாயகி ரசஞ்சாதம் கரைத்துக் கொடுத்தாள். எனக்கு வாய்த்த மனைவி, ஆசாரத்தில் மட்டும் மலை மாதிரி அசையமாட்டாள்.

ஊரெங்கும் பரவிய ஜுரத்தால் மூடிய பள்ளிக்கூடத்தைத் திங்கட்கிழமை திறக்க உத்தரவு. முழுசாக இல்லை. முதலில் நான்காம், ஐந்தாம் வகுப்பு, காலையில் மட்டும். இரண்டு வாரம் கழித்து மற்ற வகுப்புகள். மதிய சாப்பாடும் அப்போதுதான். உதவி வாத்தியார் இன்னும் படுக்கையில். அறுபத்து நான்கு பிள்ளைகளுக்கும் நான் ஒருவன்தான்.

8-7-57

இருபத்து மூன்று பேர் வர வேண்டும். ஒன்பது பேர் வந்தார்கள். காலனியிலிருந்து ஒருவர்கூட இல்லை.

9-7-57

ஏழு.

11-7-57

காலனிக்கு நடந்தேன். வழியில் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. ஐந்தாம் வகுப்பு அம்முலுவின் அப்பன் முனிரத்தினம் களத்தில் இருந்தான்.

“சோறு கீதா சார்?”

இன்னும் இல்லை என்றேன்.

“அப்ப இன்னாத்துக்கு அனுப்பறது? களை எடுக்கப் போனா கஞ்சியாவது ஊத்துவாங்க. அங்க குந்திக்கினு இன்னா பண்ணும்?”

திரும்பி வந்தேன்.

22-7-57

எல்லா வகுப்பும் திறந்தாயிற்று. மிராசுதார் ராஜாராம் அரிசி அனுப்பினார். முனிரத்தினம் அம்முலுவைத் தானே கொண்டுவந்து விட்டான்.

சுகாதார இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து, பிள்ளைகள் சாப்பிடும்போது இரண்டு முழம் இடைவெளி வேண்டும் என்றார். புங்க மரத்தடியில் சுண்ணாம்பால் வட்டம் போட்டேன். நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ரிஜிஸ்டரில் இருந்த வரிசைப்படி பெயரைக் கூப்பிட்டு, கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு வட்டத்தில் உட்காரச் சொன்னேன்.

சமைக்கிற செல்லம்மாள் பரிமாற ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. ரிஜிஸ்டர் வரிசை என்றால் பள்ளியில் சேர்ந்த வரிசை. அம்முலுவுக்கு அடுத்த வட்டத்தில் ராஜாராமின் பையன் கோபால்.

ஜுரத்துக்கு முன்னால் இரண்டு பந்தி. ஊர்ப் பிள்ளைகள் தாழ்வாரத்தில், காலனிப் பிள்ளைகள் சுவரோரம் வெயிலில். அப்படி எந்த உத்தரவும் கிடையாது. சாப்பாடு தொடங்கிய நாளில் ராஜாராம் சொன்னார், நான் தலையாட்டினேன். ஒரு வருஷமாக அப்படியே நடந்தது. இன்று கலந்ததும் என் தைரியத்தால் அல்ல, அசதியால்.

23-7-57

ராஜாராம் வந்தார். “இன்னா சார், பசங்கள கலந்துட்டீங்களாமே?”

“ஜுரத்துக்காக. இரண்டு முழம் தள்ளித்தான் உட்காருகிறார்கள்.”

“ஜுரம் போற வரிக்கும்தானே?”

ஆமாம் என்றேன். ஏன் சொன்னேன்? வாயில் அதுதான் வந்தது.

5-8-57

ஐம்பத்தெட்டு பேர். கோபாலின் ஊறுகாயில் பாதி அம்முலுவின் தட்டுக்குப் போகிறது. இரண்டு முழமும் எட்டுகிற கை அவனுக்கு. பார்க்காத மாதிரி இருந்தேன்.

12-8-57, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. ஜுரம் தணிந்தபடியால் எல்லாம் முன்னிருந்தபடியே நடத்தலாமாம். தபால்காரன் போய் ஒரு மணி நேரம் ஆகவில்லை, ராஜாராம் வாசலில். “நாளையிலேர்ந்து பழையபடிதானே சார்? இல்லாட்டி அரிசிக்கு வேற ஆளப் பாத்துக்குங்க.”

சாயங்காலம் பிள்ளைகள் வட்டங்களைக் காலால் அழித்தார்கள். அம்முலு மட்டும் தன் வட்டத்துக்குள் நின்றாள்.

“சார், நாளைக்கி நாங்க மறுபடி செவுத்தாண்ட போயிக் குந்தணுமா?”

பார்க்கலாம் என்றேன்.

என்னத்தப் பாக்கறது? வயசு நாப்பத்தாறு ஆச்சு, ஒரு குழந்தைக்குப் பதில் சொல்ல வக்கில்ல. சே — போதும்டா சுந்தரவரதா, போய்ப் படு.

13-8-57

மதியம் மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். ராஜாராம் வேலிப் படலுக்கு அப்பால் நின்றார். கால் மறுபடி நடுங்கியது. இந்தத் தடவை ஜுரத்தால் இல்லை, பயம்தான்.

ரிஜிஸ்டரைத் திறந்து பெயர் கூப்பிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. வட்டம் இல்லை, இடைவெளி இல்லை. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். அம்முலுவும் கோபாலும் அவரவர் எண்ணில்.

கடைசிப் பெயர் முடிந்ததும் செல்லம்மாளிடம், “எனக்கும் ஒரு இலை போடு” என்றேன்.

“நெசமாவா சார்?”

பிள்ளைகளுக்குப் பிறகு, வரிசைக் கடைசியில் உட்கார்ந்தேன். சாம்பாரில் உப்பு அதிகம். நிமிர்ந்தபோது படலண்டை யாரும் இல்லை.

நான் வீடு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. ரங்கநாயகி வாசல் கதவைப் பாதி சாத்திக்கொண்டு நின்றாள். “கொல்லையில வெந்நீர் வெச்சிருக்கேன். குளிச்சுட்டு உள்ள வாங்கோ.” கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நாளைக்கு அரிசி வருமா, தெரியாது. இப்போது குளித்தால், மதியம் செய்தது தப்பென்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். வாசற்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் கதவுக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வெந்நீர் இந்நேரம் ஆறியிருக்கும்.