ஐம்பத்தைந்து ஆவதற்குள்

பிப்ரவரி 6

பல் டாக்டர் வீட்டுக் குளியலறையில் நாள் முழுக்க மண்டியிட்டு டைல்ஸ் ஒட்டினேன். எழுந்தபோது முட்டி கதவு போலக் கிறீச்சிட்டது. வீட்டுக்கு வந்தால் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் மறுபடியும் ஏறியிருக்கிறது.

மனைவி கெஸ்கே தேநீர் ஊற்றியபடி சொன்னாள்: "உனக்கு வயசு ஏற ஏற அவனுங்களுக்கும் ஏறுது, ஹப்போ. ஓய்வூதியத்த மொத்தமா அவனுங்ககிட்ட கொடுத்துட்டு நாம வெறும் தேநீர் குடிப்போம். கல்கண்டு கூட இல்லாம."

அவள் தபால் அலுவலகக்காரி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அரசுக் காப்பீடு. நான் மட்டும் சொந்தத் தொழில் தொடங்கிய கையோடு பெரிய மனிதனாகித் தனியாருக்குப் போனேன். அப்போது மலிவு. தனி அறை, தலைமை டாக்டரே வந்து பார்ப்பார் என்றார்கள். யாருக்குத்தான் ஆசை வராது?

பிப்ரவரி 9

கூரை வேலை செய்யும் ஓன்னோவிடம் சொன்னேன். அவனும் தனியார்தான். "பைத்தியமாடா உனக்கு? அரசுப் பக்கம் போனா, கண் டாக்டரப் பாக்கறதுக்குள்ள கண்ணே போயிடும்!"

அதில் உண்மை இல்லாமல் இல்லை. கெஸ்கே தோள்வலிக்கு மூன்று மாதம் காத்திருந்தாள். எனக்கு அடுத்த வாரமே டாக்டரிடம் நேரம் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னால், கெஸ்கே என் பழைய குடலிறக்க அறுவையைக் கிளறினாள். தனி அறையில் இரண்டு நாள் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். குளியலறை டைல்ஸ் வேறு கோணல், தூக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் எதிர் அறைக்குப் போய்விட்டேன். அங்கே மூன்று படுக்கை. ஒருவரை அறுவைக்குக் கொண்டு போனதால் சீட்டாட ஒரு கை குறைந்தது. தலைமை டாக்டர் வந்து என் காலிப் படுக்கையைப் பரிசோதித்துவிட்டுப் போனார்.

"அவங்க மூணு பேருக்கும் அரசுக் காப்பீடுதானே? அவங்க தையல் பிரிஞ்சா போச்சு?" என்றாள்.

பூனையைப் பார்த்தேன்.

பிப்ரவரி 20

அரசுக் காப்பீட்டு அலுவலகத்தில் நல்ல பெண். பொறுமையாகச் சொன்னாள். ஐம்பத்தைந்து வயது முடிந்துவிட்டால் திரும்பி வரும் கதவு சாத்தப்படும். அதற்குமுன் நான் யாரிடமாவது சம்பளத்துக்குச் சேர வேண்டும். சொந்தத் தொழிலை விட்டுவிட வேண்டும். "உங்க பொறந்தநாள் ஜூன் நாலு. அதுக்கு அப்புறம் வந்தீங்கன்னா, என்னால ஒரு கோப்பை தேநீர்தான் தர முடியும்."

இந்த முட்டியை வைத்துக்கொண்டு எவனிடம் வேலை கேட்பது?

கெஸ்கே யோசிக்கவே இல்லை. "உன் மகளக் கேளு."

இம்கே! சொந்தமாகத் தொழில் நடத்த உரிமம் தரும் மேஸ்திரிப் பரீட்சையைப் போன இலையுதிர்காலத்தில்தான் தேறினாள். என்னிடம்தான் வேலை பார்க்கிறாள். அவளுக்குச் சம்பளம் கொடுப்பவன் நான்.

பிப்ரவரி 24

இம்கேயிடம் என் மகா யோசனையைச் சொன்னேன். "தொழில உன் பேருக்கு மாத்திடறேன். நான் உன் ஆளுன்னு எழுதிக்கலாம். மத்தபடி எல்லாம் பழையபடியே. நான்தான் பாத்துக்குவேன்."

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, அதுக்குப் பேரு மோசடி."

"பேருக்குத்தானேம்மா..."

"பேருக்குக் கையெழுத்துப் போடத்தான் நான் பரீட்சை எழுதினேனா? நெசமா கொடுக்கறதா இருந்தா கொடு, வாங்கிக்கறேன். இல்லையா, தனியார்லயே கெட!"

"இருபத்தாறு வருஷமா நான் வளத்த தொழில்டீ!"

"என்னையுந்தான் வளத்தே."

பிப்ரவரி 27

வண்டியில் வானொலி மட்டும் பேசுகிறது.

மார்ச் 14

இன்று நடந்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

டெட்டா அம்மையார் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஈரம். அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டிக் கொடுங்கள், விருந்தாளிகள் வருகிறார்கள் என்றார். சரி என்றேன். நான் எப்போதும் சரி என்றுதான் சொல்வேன். பிறகு ஓராண்டு கழித்துப் போய் இலவசமாகப் பெயர்த்து ஒட்டுவேன்.

"முடியாதுங்க," என்றாள் இம்கே. "மொதல்ல சுவரு காயணும். விருந்தாளிங்க சுவரப் பாக்கவா வர்றாங்க?"

அம்மையார் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து, "அப்போ எப்ப வருவீங்க?" என்றார்.

நான் மூலையில் பசையைக் கலக்கிக்கொண்டு நின்றேன். வலித்ததா? கொஞ்சம். ஆனால் இந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது? இவளிடம் நான் எப்போதோ வேலைக்குச் சேர்ந்துவிட்டேன் போலிருக்கிறது - எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் சொன்னேன்: "சரி. நெசமாவே எடுத்துக்கோ."

அவள் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள். பிறகு, "ஆறு மாசம் தகுதிகாண் காலம்," என்றாள்.

"எனக்கா?"

"யாரா இருந்தாலும்."

மே 2

மகளின் தொழிலாளியாக முதல் நாள். ஐந்து நிமிடம் தாமதம். முறைத்தாள். அவள் அம்மாவின் அதே முறைப்பு.

மாலை ஓன்னோ: "என்ன கெழவா, முதலாளியம்மா வெளிய விட்டாங்களா?"

மே 29

அரசுக் காப்பீட்டு அட்டை தபாலில் வந்தது. புகைப்படத்தில் கைதி மாதிரி இருக்கிறேன். கெஸ்கே அதை வாங்கித் தன் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் கேலி செய்யவில்லை. பயமாக இருந்தது.

நவம்பர் 12

காய்ச்சல். முட்டி டாக்டரிடம் பிப்ரவரியில்தான் நேரம் கிடைத்திருக்கிறது; ஓன்னோ தொலைபேசியில் ஒரு நிமிடம் முழுக்கச் சிரித்தான். சிரிக்கட்டும்.

சொந்தத் தொழில் இருந்தவரை காய்ச்சல் என்று படுத்தவனில்லை. படுத்தால் அன்றைக்கு வரும்படி இல்லை. அதனால் இன்றும் பழக்கத்தில் கால்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன். வண்டியருகே இம்கே.

"எங்கே கெளம்பிட்டே?"

"எம்டன் ஊரு வேல... இன்னிக்கு முடிச்சுத் தர்றதா சொல்லியிருக்கோமே?"

என் நெற்றியில் கை வைத்தாள். சிமெண்ட் பட்டுக் காய்த்துப்போன உள்ளங்கை, என்னுடையதைப் போலவே.

"அது என் கவலை. போய்ப் படு. சம்பளம் வரும்."

மாடியில் படுத்து, வண்டி கிளம்பும் சத்தம் கேட்டேன். தெருமுனை திரும்பும்வரை கேட்டது. பகல் வெளிச்சத்தில் எங்கள் படுக்கையறைக் கூரை இவ்வளவு வெள்ளை என்று எனக்குத் தெரியாது.

போர்வையை இழுத்துக்கொண்டேன்.