மெஷின் வெட்டிய முதல் வட்டம்

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு

கம்ப்யூட்டர் சொல்கிறபடி தகடு வெட்டும் பிளாஸ்மா மெஷினை இன்று பட்டறையில் ஓட்டினோம். முதலில் வெட்டவே இல்லை. வெட்ட வேண்டிய டார்ச் தகட்டின் மேல் சும்மா ஊர்ந்து போனது. கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர் வயரையெல்லாம் கழற்றிப் பார்த்தார். விளாத்திகுளத்துக் கரிசல் நிலத்தை விற்று வாங்கிய மெஷின்.

அப்போதுதான் செல்வி என் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னாள்.

“ஏங்க, அந்த எர்த் கிளாம்புக்கும் சந்தனம் வச்சேன்.”

பூஜையில் எதையும் விட்டுவிடக் கூடாதென்று, தகட்டைக் கவ்வும் வாய்க்குள்ளேயே அப்பியிருக்கிறாள். அது காய்ந்து, கரண்டை மறித்துவிட்டது.

இன்ஜினியர் சிரித்துக்கொண்டே சுரண்டித் துடைத்தார். மறுபடி பட்டனைத் தட்டியதும் கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். பிசிறே இல்லாமல் ஒரு வட்டம் கழன்று விழுந்தது. சோதனைத் துண்டுதானே என்று அதை இடுக்கியால் எடுத்து ஓரமாகப் போடப் போனார்.

“தூரப் போட்டுறாதீங்க தம்பி. எனக்குத் தோசைக்கல்லுக்கு ஆவும்.”

இப்போது அது எண்ணெய் பூசிக்கொண்டு அடுப்பின் மேல் இருக்கிறது.

“இன்னும் என்னத்த எழுதுதீங்க? படுங்க” என்கிறாள்.

காலையில் முதல் தோசை ஒட்டிக்கொண்டு பிய்ந்துதான் வரும். அதை நான்தான் தின்பேன்.